டிரேப்பை மட்டும் வாங்கி அனுப்பாதீர்கள்: பேறுகாலத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஏழை நாடுகளின் பேறுகாலத் திட்டங்களை வகுக்கும் அமைச்சகங்களிலும், அவற்றுக்கு நிதி தரும் அமைப்புகளிலும், அவற்றை மதிப்பிடும் ஆய்வு நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும்,

பிரசவத்துக்குப் பிந்தைய மிகை உதிரப்போக்கைச் சமாளிப்பதற்கான திட்டம் ஒன்றின் விரிவாக்க ஆவணத்தைப் படித்துவிட்டு இதை எழுதுகிறோம். முன்னோட்டக் கட்டத்தில் அந்தத் திட்டத்தில் நான்கு ஏற்பாடுகள் இருந்தன: மாதந்தோறும் ஒவ்வொரு பிரசவ அறைக்கும் அதன் சொந்த எண்களோடு ஒரு பக்கப் பின்னூட்டம், ஒவ்வொரு மருத்துவமனையிலும் முன்னோடிகளாகப் பொறுப்பேற்று நடத்த ஒரு மருத்துவச்சியும் ஒரு டாக்டரும், மருந்து, ஊசி, திரவம் எல்லாம் ஒன்றாக வைத்த அவசரத் தள்ளுவண்டி, பணியிடத்திலேயே பொம்மையை வைத்து ஒத்திகைப் பயிற்சி. விரிவாக்கத்தில் இந்த நான்கும் 'ஆராய்ச்சிக் காலச் செலவு' என்ற தலைப்பின் கீழ் நீக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சியிருப்பவை டிரேப் (பிரசவித்த தாய்க்கு அடியில் விரித்து உதிரத்தை அளக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு) கொள்முதல், மாவட்டத் தலைநகரில் ஒருநாள் பயிற்சி, சுவரில் ஒட்ட ஒரு படம். பின்னிணைப்பில், ஒரு முறை களத்தில் ஏன் நடக்கிறது, ஏன் நடக்கவில்லை என்று ஆராய உதவும் செயலாக்க அறிவியல் சட்டகம் ஒன்றின் அட்டவணை காலியாக இருக்கிறது. பதினெட்டு மாதம் கழித்து வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து அதை நிரப்புவாராம்.

அந்த ஆவணத்தைத் தயாரித்தவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இதே போக்கை வேறு திட்டங்களிலும் பார்க்கிறோம். இந்த முடிவு தவறு. தாய்மார்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட தவறு என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எண்களிலிருந்து தொடங்குகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்கு இந்த உதிரப்போக்கு ஏற்படுகிறது. 2025இல் அது தந்த கணக்கில் ஏறத்தாழ 45,000 பேர் இறக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள். 2023 மே மாதம் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வுதான் நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆதாரம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடத்தியது. சுகப்பிரசவமான 2,10,132 பெண்கள் கணக்கில் வந்தார்கள். ஒரு லிட்டரோ அதற்கு மேலோ உதிரம் போவது, உதிரத்தை நிறுத்த வயிற்றைத் திறப்பது, உதிரப்போக்கால் சாவது ஆகிய மூன்றையும் சேர்த்து எடுத்த அளவு, வழக்கமான கவனிப்பு தந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம். டிரேப்பும் சிகிச்சைத் தொகுப்பும் மேலே சொன்ன நான்கு ஏற்பாடுகளும் சேர்ந்த புதிய முறை வந்த இடங்களில் 1.6 சதவீதம். உங்கள் ஆவணங்களின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருப்பது இந்த வரிதான்.

அதே கட்டுரையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அவற்றை உங்கள் ஆவணங்களில் காணோம். உதிரப்போக்கு ஏற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது கண்டறியப்பட்டது? வழக்கமான இடங்களில் 51.1 சதவீதம், புதிய முறையில் 93.1. எத்தனை பேருக்குச் சிகிச்சைத் தொகுப்பு (கருப்பையைத் தேய்ப்பது, கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின், உறைந்த உதிரம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பரிசோதித்து மேலே அனுப்புவது) முழுவதும் கொடுக்கப்பட்டது? வழக்கமான இடங்களில் 19.4 சதவீதம், புதிய முறையில் 91.2. வழக்கமான இடங்களிலும் தாய்க்கு அடியில் விரிப்பு இருந்தது, அதில் கோடுகள்தான் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தாம். 19.4 என்பதை 91.2 ஆக்கியது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மட்டும்தானா என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. 2010இல் ஐரோப்பாவின் 13 நாடுகளில் 78 பிரசவப் பிரிவுகளில், 25,000க்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில், அளவுக்கோடு போட்ட சேகரிப்புப் பையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் உதிரப்போக்கு பை வைத்த இடங்களில் 1.71 சதவீதம், கண்ணால் மதிப்பிட்ட இடங்களில் 2.06 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. டிரேப்பைக் குறைத்துப் பேசவில்லை. அது நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியில் உருவாகிச் சோதிக்கப்பட்ட பொருள். கண்ணால் மதிப்பிடும்போது உண்மையான அளவைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொல்கிறோம் என்பதை 2006இல் காட்டியதும் அங்கே நடந்த ஆய்வுதான். ஆனால் டிரேப் அளந்துதான் சொல்லும். அளவு தெரிந்த அடுத்த 15 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் தாயின் உயிர் இருக்கிறது.

அந்த 15 நிமிடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரவு டூட்டியில் ஒரு செவிலியர், ஓர் உதவியாளர், பிரசவித்த தாய்மார் இருவர். டிரேப்பில் உதிரம் 500 மில்லி கோட்டைத் தொட்டுவிட்டது. கருப்பையை வயிற்றின் மேலிருந்து தேய்க்க ஒரு கை வேண்டும். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, பல இடங்களில் அது தடுப்பூசி அறையின் குளிர்பெட்டியில் இருக்கும், அந்த அறை மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். டிரானெக்சாமிக் அமிலம் விலை அதிகம் என்பதால் மருந்தாளுநரின் அலமாரியில், சாவி அவர் வீட்டில். ஊசிக்குழாய் ஒரு டிராயரில், ஐ.வி. செட் வேறொரு டிராயரில், சலைன் பாட்டில் வார்டில். நான்கு பொருளை நான்கு இடத்தில் தேடினால் தாயைத் தொட்டுக்கொண்டிருக்க ஆள் இல்லை. டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றி 2017இல் வெளியான, 21 நாடுகளில் 20,060 பெண்களைச் சேர்த்த ஆய்வும் அதைத் தொடர்ந்த பகுப்பாய்வும் தெளிவாகச் சொல்கின்றன: பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அந்தப் பலனில் சுமார் 10 சதவீதம் போய்விடும். சாவி எங்கே என்று தேடும் நேரம் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

நீங்கள் நீக்கிய வண்டி இதற்காகத்தான் வந்தது. ஈ-மோட்டிவ் குழு வேலையைத் தொடங்கும் முன்னரே, பிரசவ அறையில் இருப்பவர்களிடம் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு போனது. செய்யத் தெரியுமா? செய்வதற்கான சூழலும் பொருளும் கையில் இருக்கின்றனவா? செய்ய மனம் உந்துகிறதா? மனிதர் ஒன்றைச் செய்வதும் செய்யாததும் ஏன் என்று விளக்கும் காம்-பி சட்டகம், திறன், வாய்ப்பு, ஊக்கம் என்ற மூன்று சொல்லில் கேட்பதும் இதுவே. தெரியவில்லை என்ற இடத்துக்குப் பதில் பணியிட ஒத்திகை. பொருள் கையில் இல்லை என்ற இடத்துக்குப் பதில் வண்டி. செய்தால் யார் கவனிக்கிறார்கள் என்ற இடத்துக்குப் பதில் முன்னோடிகளும் மாதப் பின்னூட்டமும். நான்கில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தடைக்கு மருந்தாக வந்தது. மருந்துச் சீட்டில் நான்கையும் அடித்துவிட்டு, நோயைக் கண்டுபிடிக்கும் கருவியை மட்டும் அனுப்புகிறீர்கள்.

ஒருநாள் பயிற்சி ஏன் போதாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆய்வில் புதிய முறை வந்த மருத்துவமனைகளில் 500 மில்லி அல்லது அதற்கு மேல் உதிரம் போனவர்கள் 8.5 சதவீதம். மாதம் 20 பிரசவம் நடக்கும் ஒரு சுகாதார நிலையத்தில் அது மாதத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நான்கு செவிலியர் சுழற்சியில் இருந்தால், ஒருவர் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த நிலைமையைச் சந்திப்பார். பயிற்சி முடிந்து அவர் கையில் முதல் நோயாளி வரும்போது படித்தது பாதி மறந்திருக்கும். மாதம் ஒருமுறை, லேபர் ரூமிலேயே, அன்றைய டூட்டியில் இருக்கும் அதே ஆட்களோடு பதினைந்து நிமிட ஒத்திகை வைத்தால் கை மறக்காது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒத்திகை நடத்தினால்தான் ஐ.வி. ஸ்டாண்ட் உடைந்திருப்பதும், விளக்கு எரியாததும், வண்டியின் சக்கரம் வாசற்படியைத் தாண்டாததும் தெரியவரும். மாவட்டத் தலைநகரின் கூட்ட அரங்கில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

இடமாற்றத்தையும் கணக்கில் எடுங்கள். பயிற்சி பெற்ற செவிலியர் ஆறு மாதத்தில் வேறு வார்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றுப் பணியில் போவது எங்கும் நடக்கிறது. 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று உங்கள் அறிக்கையில் வரும் எண், இன்று பிரசவ அறையில் நிற்பவர்களின் எண்ணிக்கை ஆகாது. இந்தப் பெயர்ப்பட்டியலை டூட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வரும்.

டிரேப் எப்படித் தவறாகப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் கொள்முதல் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. குழந்தை வெளியே வருவதற்கு முன்பே விரித்துவிட்டால் பனிக்குட நீரும் சிறுநீரும் பையில் சேர்ந்து, உதிரம் 500ஐத் தாண்டியதுபோல் காட்டும். இரண்டு முறை இப்படிப் பொய் எச்சரிக்கை வந்தால் மூன்றாவது முறை யாரும் நம்பமாட்டார்கள். குழந்தை பிறந்தவுடன் விரித்து, நாடாவை இடுப்பில் கட்டி, பை கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்க வேண்டும். பல பிரசவ அறைகளில் இருப்பதோ தட்டையான சாதாரணக் கட்டில். பை மெத்தை மேலேயே மடங்கிக் கிடக்கும், உதிரம் மடிப்பில் தேங்கும், கோடு 200ஐக் காட்டும்போது உண்மை 400ஆக இருக்கும். தாயைக் கட்டிலின் முனைக்கு நகர்த்தி வைக்க வேண்டும் அல்லது கட்டிலை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் திட்டத்தில் இடமில்லை. நஞ்சுக்கொடி விழுந்ததும் சுத்தம் செய்யும் அவசரத்தில் விரிப்பை எடுத்துவிடுவது அடுத்த தவறு, குறைந்தது ஒரு மணி நேரம் அது இருந்தாக வேண்டும். ஸ்டாக் தீர்ந்துபோன வாரத்தில் பழைய வழக்கப்படி கண்ணளவுக்கே திரும்பிவிடுகிறார்கள், புது ஸ்டாக் வந்த பிறகும் அந்த வழக்கம் போவதில்லை. ஆகவே கொள்முதல் எண்ணிக்கையைப் பிரசவ எண்ணிக்கையோடு கட்டுங்கள். மாதப் பிரசவத்துக்குச் சமமாக வாங்குங்கள், இன்னும் ஒரு மாதத் தேவையைக் கையிருப்பாக வையுங்கள்.

300 மில்லி கோடு பற்றியும் ஒரு வார்த்தை. 500 வரை காத்திருக்க வேண்டாம், 300ஐத் தாண்டும்போது நாடித்துடிப்பு 100க்கு மேல் போனாலோ மேல் இரத்த அழுத்தம் 100க்குக் கீழே இறங்கினாலோ உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் உலக மகப்பேறு, மருத்துவச்சியர் கூட்டமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலிலும் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது நடக்க, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் பார்க்க வேண்டும். தாய்க்கு நான்கு முறை. இரண்டு தாய்மார் என்றால் எட்டு முறை. ஒரு முறைக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் அந்த ஒரு மணியில் 24 நிமிடம் இதற்கே போகிறது. அதே நேரத்தில் அதே செவிலியர்தான் குழந்தையை எடை பார்த்து, தாய்ப்பால் கொடுக்க உட்காரவைத்து, ரெஜிஸ்டர் எழுத வேண்டும். அழுத்தம் பார்க்கும் கருவி வார்டுக்கும் லேபர் ரூமுக்கும் ஒன்றே ஒன்று. என்ன நடக்கும்? டூட்டி முடியும்போது நான்கு கட்டத்திலும் 110/70 என்று எழுதி வைக்கப்படும். நான்கு முறையும் ஒரே எண் வந்த அட்டைகளை நாங்கள் ஏராளமாகப் பார்த்திருக்கிறோம். செவிலியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. எந்த எழுத்து வேலையைக் குறைக்கலாம், எந்த அளவை உதவியாளர் எடுக்கலாம், கருவி எத்தனை வேண்டும் என்பதைத் திட்டம் தொடங்கும் முன் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பின்னூட்டத்தை நீக்கியதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது, ஏனெனில் அது எல்லாவற்றிலும் மலிவானது. ஒரு பக்கம். மொத்தப் பிரசவம், டிரேப் விரித்தவை, உதிரப்போக்கு கண்டறிந்தவை, 15 நிமிடத்துக்குள் தொகுப்பு முழுதும் கொடுத்தவை, ஒரு நாளாவது மருந்து இல்லாத நாட்கள், மேல்சிகிச்சைக்கு அனுப்பியவை. அவ்வளவே. இது இல்லாவிட்டால் நடக்கும் கேட்டை அனுபவமுள்ள எவரும் அறிவர். அளக்கத் தொடங்கிய முதல் மாதங்களில் உதிரப்போக்கு எண்ணிக்கை ஏறும். ஏறத்தான் வேண்டும், இதுவரை பாதிக்குப் பாதி கண்ணில் படாமல் போனவை இப்போது தெரிகின்றன. ஆனால் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி அந்த எண்ணை மட்டும் பார்த்து, "ஏன் உங்கள் நிலையத்தில் இவ்வளவு கேஸ்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். அடுத்த மாதம் 480 மில்லிகள் நிறைய வரும், 500 வராது. அதற்கடுத்த மாதம் அந்த நிலையம் பாராட்டுப் பெறும். உண்மையில் அங்கே தாய்மார் முன்னைப்போலவே கவனிக்கப்படாமல் உதிரம் இழந்துகொண்டிருப்பார்கள். கண்டறிந்த எண்ணிக்கை உயர்வது நல்ல சேதி என்று எழுத்து மூலம் மேலிருந்து கீழ்வரை சொல்லிவைக்காத எந்தத் திட்டமும் தன் தரவைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

இனி சட்டகங்கள். செயலாக்கத்துக்கு உதவுவதையும் தடுப்பதையும் ஆராய 2009இல் டாம்ஷ்ரோடர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட சி.எஃப்.ஐ.ஆர். சட்டகம் ஐந்து பக்கத்திலிருந்து கேள்வி கேட்கிறது: கொண்டுவரும் முறை எப்படிப்பட்டது, வெளிச்சூழல் என்ன, அந்த நிறுவனத்தின் உள்நிலை என்ன, செய்யப்போகிறவர்கள் யார், எப்படிக் கொண்டுபோகப்போகிறீர்கள். 39 கூறுகள். 2022இல் அது திருத்தப்பட்டது. பயன்பாட்டில் நாங்கள் காணும் குறை சட்டகத்தில் இல்லை, அதை எப்போது திறக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. திட்டம் முடிந்தபின் நேர்காணல் எடுத்து, கிடைத்த வாக்கியங்களை 39 பெட்டிகளில் பிரித்துப் போட்டால் ஒரு கட்டுரை வரும். மருந்து அலமாரியின் சாவி இடம் மாறாது. அதே கேள்விகளைக் கொள்முதல் ஆணைக்கு முன், ஆறேழு பிரசவ அறைகளில் ஓர் இரவு டூட்டி முழுக்க உடனிருந்து கேட்டால், அலமாரியும் கட்டிலும் பி.பி. கருவியும் பட்டியலில் தானாக ஏறிவிடும். 39ஐயும் கேட்கத் தேவையில்லை. இந்தத் திட்டத்துக்கு எட்டோ பத்தோ போதும். தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

அந்தச் சட்டகம் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் உருவாகிப் பயன்பட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஏழை, நடுத்தர நாடுகளில் அதைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீன்ஸ் குழு, 2020இல் ஆறாவதாக 'அமைப்பின் தன்மை' என்ற பகுதியைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தது. எங்கள் வேலையில் முக்கால்வாசித் தடைகள் அந்தப் பகுதியில்தான் விழுகின்றன. மருந்து மத்தியக் கிடங்கிலிருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அவசரமாக உள்ளூரில் வாங்க நிலையத் தலைவருக்கு அதிகாரம் உண்டா, நிதி தருபவர் மாறினால் அறிக்கைப் படிவமும் மாறுமா, ஒரே செவிலியர் எத்தனை திட்டத்துக்கு எத்தனை ரெஜிஸ்டர் எழுதுகிறார். உங்கள் அட்டவணையில் இந்தப் பகுதியே இல்லை.

திட்டங்களை மதிப்பிடும் ரீ-எய்ம் என்ற இன்னொரு சட்டகம் பற்றிச் சுருக்கமாக. 1999இல் கிளாஸ்கோ முதலானோர் வகுத்தது, எட்டியது, பலன், ஏற்றது, செயல்படுத்தியது, நிலைத்தது என்று ஐந்து அளவு. உங்கள் அறிக்கையில் 'எட்டியது' என்ற கட்டத்தில் விநியோகித்த டிரேப்களின் எண்ணிக்கை இருக்கிறது. கிடங்கிலிருந்து கிளம்பிய பெட்டி தாயை எட்டியதாகாது. கீழ்எண் அந்த நிலையத்தின் மொத்தப் பிரசவம், மேல்எண் டிரேப் விரிக்கப்பட்ட பிரசவம். 'நிலைத்தது' என்ற கட்டம் ஆதரவு நின்று ஓராண்டுக்குப் பின் அளந்ததாக இருக்க வேண்டும். உங்கள் திட்டமோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆதரவு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் பெட்டர்பர்த் ஆய்வு சாட்சி. 24 மாவட்டங்கள், 120 நிலையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார், 2017இல் முடிவு வெளியானது. பாதுகாப்பான பிரசவத்துக்கான செக்லிஸ்ட்டைக் கொடுத்து, எட்டு மாதம் பயிற்றுநர்கள் நேரில் வந்து ஊக்கினார்கள். இரண்டாம் மாதத்தில் 18 அத்தியாவசியச் செயல்களில் 72.8 சதவீதம் நடந்தன, ஒப்பீட்டு நிலையங்களில் 41.7. பயிற்றுநர்கள் போய் நான்கு மாதம் கழித்து, 12ஆம் மாதத்தில், 61.7க்கு இறங்கியது. தாய், சேய் மரணங்களையும் தாயின் கடும் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்த கணக்கில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே: 15.1 சதவீதம், 15.3 சதவீதம். இதை நாங்கள் மறைக்கவில்லை. பயிற்றுநர் இருந்தாலே உயிர் பிழைக்கும் என்று நாங்கள் வாதாடவும் இல்லை. மருந்து, கைத்திறன், மேல்சிகிச்சை ஆகியவை இல்லாத இடத்தில் நல்ல வழக்கம் மட்டும் உயிரைக் காக்காது. நல்ல வழக்கமும் ஆள் பின்னால் நிற்காவிட்டால் கரைந்துபோகும். இரண்டையும் ஒரே ஆய்வு காட்டியிருக்கும்போது, நீங்கள் இரண்டையும் நீக்குவது எப்படி?

உள்ளூர் நிலைமைக்கேற்ப முறையை மாற்றுவதற்கும் நாங்கள் எதிரி அல்லர். மலாவி 2011இல் அதை உலகத்துக்கே காட்டியது. நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சி.டி.4 பரிசோதனைக் கருவிகள் எல்லா ஊரிலும் இல்லை என்பதால், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் அனைவருக்கும் பரிசோதனைக்குக் காத்திராமல் வாழ்நாள் மருந்து என்று முடிவெடுத்தது. ஒரு காலாண்டில் மருந்து தொடங்கியவர்கள் 1,257 என்பதிலிருந்து ஓராண்டு சற்றுத் தாண்டியதும் 10,663 ஆனார்கள். ஆனால் ஆறு மாதத்தில் 17 சதவீதம் பேர் தொடர்பிலிருந்து விடுபட்டதும் பின்னர் தெரிந்தது. எட்டியதை மட்டும் எண்ணியிருந்தால் அது தெரிந்திருக்காது.

உங்கள் திட்டத்திலும் மாற்றம் தேவை, அதுவும் நீங்கள் தொடாத இடத்தில். ஈ-மோட்டிவ் நடந்தவை அறுவை சிகிச்சை வசதியுள்ள, ஆண்டுக்கு ஆயிரம் பிரசவத்துக்குக் குறையாத மருத்துவமனைகள். நீங்கள் போகப்போவது டாக்டரே இல்லாத சுகாதார நிலையங்களுக்கு. தொகுப்பின் கடைசிப் படியான 'பரிசோதித்து மேலே அனுப்புவது' அங்கே ஆம்புலன்ஸ் என்று பொருள். மருத்துவமனையில் மேல் மாடிக்கு அழைக்கும் அழைப்பு, இங்கே இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே 500 கோட்டைத் தொட்ட கணத்திலேயே சிகிச்சையும் ஆம்புலன்ஸ் அழைப்பும் ஒன்றாகத் தொடங்க வேண்டும், சிகிச்சைக்குப் பலன் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழைப்பது தாமதம். உதிரம் நின்றால் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம். குளிர்பெட்டி நம்பகமில்லாத இடத்தில் ஆக்சிடோசினின் தரமே சந்தேகம். பிரசவம் முடிந்ததும் தடுப்புக்காகப் போடும் ஊசிக்கு, 30 டிகிரி வரை தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் என்ற வழி இருக்கிறது. 2018இல் 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களை மாற்றம் என்று எழுதி, ஏன் செய்தோம் என்று பதிந்து, பலனைப் பாருங்கள். அவசரத் தள்ளுவண்டியை நீக்கியதற்குத் தகவமைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நீக்கிய நான்கு ஏற்பாடுகளையும் திட்டத்தின் பகுதியாகவே திரும்பச் சேர்த்து, ஆராய்ச்சித் தலைப்பிலிருந்து எடுத்து வழக்கமான செலவுத் தலைப்பில் வையுங்கள். பணம் போதாவிட்டால் மாவட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஏற்பாடுகளைக் குறைக்காதீர்கள்.

டிரேப் கொள்முதல் ஆணை போகும் முன், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மருத்துவமனையிலும் இரண்டு சிறு நிலையங்களிலும் குறைந்தது ஓர் இரவு டூட்டி உடனிருந்து தடைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு தடைக்கும் எதிரே, அதைத் தீர்க்கும் ஏற்பாடு, பொறுப்பாளர், தொகை ஆகியவற்றை எழுதி வெளியிடுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாத தடை இருந்தால் அந்த நிலையத்தில் இப்போது தொடங்க வேண்டாம்.

அவசர வண்டியின் பட்டியலை ஆம்பூல் கணக்கில் எழுதாமல் மருந்தின் அளவில் எழுதுங்கள், ஏனெனில் ஆக்சிடோசின் ஆம்பூல் ஓரிடத்தில் 5 யூனிட், இன்னோரிடத்தில் 10. ஒரு தாய்க்கான பொட்டலத்தில் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், அதைச் சேர்த்துப் பத்து நிமிடத்தில் ஏற்ற 200 மில்லி சலைன், 16 அல்லது 18 அளவு ஊசிக்குழாய் இரண்டு, ஐ.வி. செட் இரண்டு, திரவம் ஒரு லிட்டர், சிறுநீர்க் குழாய், நீளக் கையுறை ஆகியவை இருக்கட்டும். ஆக்சிடோசினுக்குப் பிரசவ அறையிலேயே சிறு குளிர்பெட்டி, அல்லது தடுப்பூசி அறையின் சாவி டூட்டிச் செவிலியரிடம். பயன்படுத்திய பொட்டலத்தை அதே டூட்டி முடியும் முன் நிரப்பி முத்திரை இடுவது யார் என்று பெயர் சொல்லி ஆணையிடுங்கள். பொட்டலத்தை ஆபரேஷன் தியேட்டருக்குக் கடன் எடுப்பதைத் தடை செய்யுங்கள்.

முதல் ஆறு மாதம் உதிரப்போக்கு எண்ணிக்கை உயர்ந்ததற்காக எந்த நிலையத்திடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். விளக்கம் கேட்க வேண்டியது, 15 நிமிடத்துக்குள் தொகுப்பு கிடைக்காத தாய்மாரைப் பற்றியும் மருந்து இல்லாத நாட்களைப் பற்றியும் மட்டுமே. அந்த விளக்கமும் முதலில் கிடங்கிடமிருந்து வரட்டும்.

புதிய படிவம் ஒன்று சேர்த்தால் பழையது ஒன்றை நீக்குங்கள்.

முன்னோடியாக இருக்கும் மருத்துவச்சிக்கு வாரம் அரை நாள் வேறு டூட்டி இல்லாமல் எழுத்து மூலம் ஒதுக்குங்கள். அவர் இடமாற்றம் ஆனால், அடுத்தவர் பொறுப்பேற்ற பிறகே விடுவியுங்கள்.

மதிப்பீட்டு ஒப்பந்தத்தை இப்போதே திருத்துங்கள். 3, 6, 12ஆம் மாதங்களிலும், ஆதரவு நின்றபின் 24ஆம் மாதத்திலும் அளவுகள் எடுக்கப்பட வேண்டும். 3ஆம் மாத முடிவைப் பார்த்துத் திட்டத்தை மாற்றும் அதிகாரமும் அதற்கான தொகையும் மாவட்ட அலுவலர் கையில் இருக்க வேண்டும். முடிவுகள் அந்தந்தப் பிரசவ அறைக்கு, அங்கே பேசும் மொழியில், அறிக்கை உங்கள் மேசைக்கு வரும் அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும்.

கொள்முதல் ஆணைக்கு முன் இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தாருங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்க முடியாது என்று முடிவெடுத்தாலும், அதற்கான காரணத்தையும், அந்தத் தடையை வேறு எப்படித் தீர்க்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரசவ அறைப் பயிற்சியாளர்கள், திட்டக் கண்காணிப்பாளர்கள்